உடையும் கூச்சமும்

பொய் சொன்னவன் நிம்மதியாகத் தூங்குகிறான். கல்யாணத்துக்குப் பொருந்தாத உடையில் போனவனுக்கு வியர்க்கிறது. அவன் யாருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை. இருந்தும் அவனுடைய கூச்சம் பல குற்ற உணர்வுகளைவிட நிஜமானது, வருஷக்கணக்கில் ஆறுவதில்லை. இது எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் பிரச்னை.

2014 ஜூலை 11 அன்று, சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டுக்கு வேட்டி கட்டிக்கொண்டு போன உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. ஊர் கொதித்தது. ஆகஸ்டில் சட்டசபை சட்டமே கொண்டுவந்தது: வேட்டியைக் காரணம் காட்டித் தடுத்தால் ஓராண்டுவரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அன்று எழுந்தது கோபம். கூச்சத்துக்கு அங்கே வேலையில்லை. விதி எழுதப்பட்டிருந்தது. எழுதிய விதியைத் தள்ளி நின்று பார்க்கலாம், வெள்ளைக்காரன் விட்டுப்போன மிச்சம் என்று திட்டலாம், அடித்துத் திருத்தலாம்.

கல்யாண மண்டபத்தில் அந்தச் சௌகரியம் கிடையாது. மயிலாப்பூரில் ஒரு முகூர்த்தத்துக்குக் கறுப்புப் பட்டு உடுத்தி வந்திருந்த பெண்ணைப் பார்த்தேன். மணப்பெண்ணோடு வேலை பார்ப்பவள், வேறு வழக்கத்தில் வளர்ந்தவள். வாசலில் பன்னீர் தெளித்தார்கள், சந்தனமும் கற்கண்டும் நீட்டினார்கள். ஒரு மாமி மட்டும், "புடவை நன்னாயிருக்கும்மா. பாண்டி பஜார்ல எடுத்ததா? வேற கலர் கிடைக்கலியா?" என்றாள். அவ்வளவுதான். மாலை மாற்ற எல்லோரும் முன்னே நெருக்கியபோது அந்தப் பெண் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். தனக்குத் தெரியாத ஒரு சட்டத்தின்படி தன்னையே விசாரித்து, தண்டனையையும் தானே நிறைவேற்றிக்கொண்டாள்.

இதே நகரத்தில் ஒரு சுயமரியாதைக் கல்யாணத்தில் கறுப்பு வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கும். பட்டு வேட்டிக்காரர்தான் அங்கே நெளிவார். ஆகவே நிறத்தில் ஒன்றுமில்லை என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. தூணுக்குப் பின்னால் நிற்பவளுக்கு அந்தத் தத்துவத்தால் என்ன பிரயோஜனம்?

காந்தி 1921இல் மதுரையில் முழத்துண்டுக்கு மாறினார். பத்து வருஷம் கழித்து பக்கிங்ஹாம் அரண்மனை விருந்துக்கும் அதே கோலத்தில், ஒரு சால்வையோடு போனார். விதியைத் தெரிந்துகொண்டு மீறுகிறவருக்குக் கூச்சமில்லை. ஆனால் அதற்கு காந்தியாக இருக்க வேண்டும், அல்லது குறைந்தபட்சம் பணக்காரராக. தி. நகர் முதலாளி கசங்கிய கதர்ச் சட்டையோடு கல்யாணத்துக்கு வந்தால் எளிமை என்கிறோம். அவருடைய கணக்குப்பிள்ளை அதையே போட்டு வந்தால் மரியாதை தெரியாதவன்.

மாமியின் கேள்விமேல் எந்தச் சட்டமும் பாயாது, பாயவும் கூடாது. அவள் கெட்டவளுமல்ல. என் கணக்கில் கடன் அழைத்தவர்களுடையது. முகூர்த்தத்தை நிமிஷம் பிசகாமல் பத்திரிகையில் அச்சடித்தவர்கள், கறுப்பு வேண்டாம் என்று போனில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றியிருக்காது. அது ஒரு விதி என்பதே அவர்களுக்குத் தெரியாது.