ரசீதில் இல்லாதவர்கள்

வெறும் 250 ரூபாய்க்கு இவ்வளவு யோசனை வேண்டுமா என்று என்னோடு குடியிருந்தவர்களில் ஒருத்தி கேட்டாள். 2023 ஆகஸ்டில் எங்கள் வீட்டைவிட்டுப் போன ஒரு பெண்ணிடம் அந்தத் தொகையை நான் கேட்டு வாங்கினேன். கணக்குப்படி அது சரியான தொகை. அந்தக் கணக்கில் எதையெல்லாம் எழுதினோம், எதையெல்லாம் எழுதாமல் விட்டோம் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் தெருவில் ஒரு பழைய வீட்டின் மாடிப் போர்ஷனில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். நான் கௌரவ விரிவுரையாளர். ஒருத்தி தனியார் மருத்துவமனையில் செவிலி, ஒருத்தி போட்டித் தேர்வுக்குப் படிப்பவள். நான்காவது பெண் துறையூர்ப் பக்கத்துக்காரி. கணவனை விட்டு வந்து, என்.எஸ்.பி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் நின்றாள். காலையில் 1-ஆம் நம்பர் பஸ்ஸில் போனால் திரும்ப இரவு பத்தாகும். நால்வரில் அவள் சம்பளம்தான் குறைவு. என்னை அக்கா என்பாள்.

கீழே வீட்டுக்கார மாமி, அறுபத்தெட்டு வயது. கணவர் இல்லை, மகன் வெளிநாட்டில். மாடி வாடகையில்தான் அவர் மாதம் ஓடியது. இப்படி ஒரே கூரையின் கீழ் பிரித்துப் பிரித்து வாழ்வதை நம் ஊரில் ஒண்டுக்குடித்தனம் என்பார்கள். ஒண்டுவது என்றால் மழைக்கு அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் ஒதுங்கி நிற்பது. குடித்தனம் என்றால் வாழ்வது. இரண்டையும் ஒரே சொல்லில் சேர்த்தவர்களுக்கு வாடகை வீடு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் சொத்து வரி உயர்ந்தது. திருச்சி போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. கூடம், ரேழி, முற்றம், கொல்லை என்று நீளும் ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளில் பல, குடியிருப்பவரின் வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அளவினால் மேல் படியில் போய் நிற்கும். மாமியின் வீடும் அப்படித்தான். அரையாண்டுக்கு 2,000 ரூபாய் இருந்தது 4,000 ஆனது. “வரி ஏறிடுத்து. மாசம் ஐந்நூறு கூட்டித் தந்துடுங்கோ” என்றார்.

ஆண்டுக்கு ஏறியது 4,000, கேட்டது 6,000. நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். மாடிக்கு உரிய பாதியை, அதாவது அரையாண்டுக்கு 1,000 ரூபாயை, வாடகையோடு சேர்க்காமல் ரசீதைப் பார்த்துவிட்டுத் தனியாகத் தருகிறோம் என்று பேசி முடித்தேன். சட்டப்படி சொத்து வரி உரிமையாளர்மேல் விழுவது. வாடகைக்கு இருப்பவர் பெயருக்கு மாநகராட்சி கேட்பு அனுப்பாது. ஆனாலும் கடைசியில் அது யார் பையிலிருந்து போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். 2018 ஜூலையில் அரசு முதலில் அறிவித்த உயர்வில், உரிமையாளரே வசிக்கும் வீட்டுக்கு 50 சதவீதம், வாடகைக்கு விட்ட வீட்டுக்கு 100 சதவீதம் என்று வைத்தார்கள். எதிர்ப்பு வந்ததும் சில நாட்களிலேயே இரண்டையும் 50 ஆக்கினார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் அந்த உயர்வையே நிறுத்திவைத்தார்கள். வாடகை வீடு வீட்டில் பாதிதான் என்ற எண்ணம் அந்தச் சில நாட்களில் அரசாணையாகவே இருந்தது.

மாமி ரசீதைக் காட்டினார். அதில் இருந்த பெயர் அவருடையதில்லை, அவர் கணவருடையதும் இல்லை. மாமனார் பெயர். அவர் இறந்து முப்பது வருடம் ஆகிறது. பெயர் மாற்ற இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் என்று அலைய வேண்டும். கோயிலைச் சுற்றிய வீதிகளில் அடிமனை யாருக்குச் சொந்தம் என்ற தகராறு வேறு நெடுங்காலமாக இருக்கிறது. நிலம் கோயிலுடையது என்றால் மாமியும் ஒரு வகையில் ஒண்டியிருப்பவர்தான். “என் பேர் வந்தா எல்லாம் என் தலையிலே விடியும், இருக்கட்டும்” என்றார்.

எங்கள் பக்கத்துக் காகிதமும் அதே லட்சணம். வாடகை ஒப்பந்தத்தில் ஒரு ஆம்பளை கையெழுத்து வேண்டும் என்று மாமி சொல்ல, திண்டுக்கல்லில் இருக்கும் என் அண்ணன் வந்து போட்டுவிட்டுப் போனான். அந்த வீட்டில் அவன் ஒரு இரவுகூடத் தங்கியதில்லை. கல்லூரியில் பெண்ணியம் பாடம் எடுக்கிற நான் அதை எதிர்க்கவில்லை. வீடு கிடைத்தால் போதும் என்றிருந்தது. ஆக, செத்துப் போன ஒருவர் பெயருக்கும் திண்டுக்கல்லில் இருக்கும் ஒருவன் பெயருக்கும் நடுவில் ஐந்து பெண்கள் வரி கட்டிக்கொண்டிருந்தோம்.

1,000 ரூபாயை எப்படிப் பிரிப்பது என்பதில் ஒரு ராத்திரி முழுக்கப் பேச்சு. அறையின் அளவுப்படி என்றாள் செவிலி. அவளுடையது சின்ன அறை. சம்பளப்படி என்றேன் நான், கொஞ்சம் பெருந்தன்மையோடு. சம்பளத்தைச் சொல்ல யாரும் தயாராக இல்லை. கடைக்குப் போகிற பெண், “தலைக்கு இவ்வளவுன்னு வச்சிருங்கக்கா, அதுதான் மரியாதை” என்றாள். தலைக்கு 250. அவள் வாயிலிருந்தே வந்ததால் எல்லோருக்கும் நிம்மதி. தலைக்கணக்கு சமமாகத் தெரியும், சமமாக அழுத்தாது. தாட்சர் அரசு 1989-இல் ஸ்காட்லாந்திலும் 1990-இல் இங்கிலாந்திலும் தலைவரி கொண்டுவந்தபோது, மாளிகையில் இருப்பவரும் அவர் வீட்டைத் துடைப்பவரும் ஒரே தொகை கட்ட வேண்டியிருந்தது. 1990 மார்ச் 31-ஆம் தேதி லண்டனில் கலவரமே வந்தது. 1993-இல் அதை எடுத்துவிட்டு, வீட்டின் மதிப்பைப் பொறுத்த கவுன்சில் வரியைக் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்தப் பெண் சொன்ன ‘மரியாதை’ என்ற சொல்லையும் நான் தள்ளிவிட முடியாது. சலுகை வாங்கினால் அந்த வீட்டில் தன் இடம் இறங்கிவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கவுன்சில் வரியைக் கட்ட வேண்டியவர் பொதுவாக வீட்டில் வசிப்பவர்தான். என் பழைய மாணவி ஒருத்தி அங்கே மூன்று பேரோடு சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தாள். நால்வரும் மாணவிகளாக இருந்தவரை வீட்டுக்கு வரி இல்லை. இவள் படிப்பு முடிந்து வேலைக்குப் போனதும் பில் வந்தது, 25 சதவீதம் தள்ளுபடியோடு, இவள் ஒருத்தி பெயரில். மற்ற மூவரும் மாணவிகள் என்பதால் அவர்களைச் சட்டம் கேட்காது. “உன்னால்தானே வந்தது, நீயே கட்டு” என்று அவர்கள் சொன்னதாக என்னிடம் அழுதாள். தெருவிளக்கு நால்வருக்கும் எரிகிறது, குப்பை நான்கு பேருடையதும் போகிறது. மாணவிகளிடம் காசு இருக்காது என்று காட்டிய இரக்கத்தை, கூட இருப்பவளுக்கு எதிரான வாதமாக மாற்றிக்கொள்ளலாமா? கூடாது என்றுதான் அவளிடம் சொன்னேன். பில்லை யாருக்கு அனுப்புவது என்பதோடு சட்டத்தின் வேலை முடிந்துவிடும், மிச்சத்தை அடுப்படியில் உட்கார்ந்து பேச வேண்டும் என்றும் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். எங்கள் அடுப்படியில் நடந்தது வேறு.

2023 ஜூலையில் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்க ஆரம்பித்தார்கள். செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். குடும்ப அட்டை இருக்க வேண்டும். கடைப் பெண்ணின் பெயர் துறையூரில் கணவன் வீட்டு அட்டையில் இருந்தது, அட்டை அவனிடம் இருந்தது. அங்கிருந்து பெயரை நீக்கித் தனக்கென்று ஓர் அட்டை வாங்கிவிட வேண்டும் என்று அவள் அதற்கு முன்பே நினைத்திருந்தாள். முகவரிக்கு ஒரு சான்று வேண்டும். வரி ரசீது, வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது, கேஸ் புத்தகம், ஏதாவது.

மாமியிடம் ரசீதின் ஜெராக்ஸ் கேட்டாள். மாமி தரவில்லை. குடியிருப்பவர்கள் காகிதம் வாங்கினால் பிறகு வீட்டையே கேட்பார்கள் என்று யாரோ அவரைப் பயமுறுத்தியிருந்தார்கள். அந்த வரியில் கால்வாசி எங்கள் பணம், அதில் நான்கில் ஒரு பங்கு அவள் பணம். ரசீது மட்டும் எங்களுடையதில்லை. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் என் அண்ணன் பெயர். கேஸும் அவன் பெயரில் எடுத்தது. மின் இணைப்பு மாமனார் பெயரில்.

இந்த நாட்டில் வரி ரசீதுக்கும் குடிமைக்கும் உள்ள உறவு பழையது. 1921-இல் சென்னை மாகாணம் பெண் என்ற காரணத்துக்காக வாக்கை மறுக்கக் கூடாது என்று முடிவெடுத்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் அதுதான் முதல். ஆனால் வாக்கு சொத்தையும் கட்டிய வரியையும் பொறுத்தது. சொத்து ஆண்கள் பெயரில் இருந்தது. கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் ரசீது கேட்டார்கள். 1935 சட்டத்தில் தகுதியுள்ள ஆணின் மனைவிக்கும் வாக்கு உண்டு என்று ஒரு வழி வைத்தார்கள், அதுவும் அவன் ரசீதின் வழியாகத்தான். எல்லோருக்கும் வாக்கு வந்த பிறகு நடந்த 1951–52 முதல் பொதுத் தேர்தலில், சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று பதிந்திருந்ததால் சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவிகள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அதற்கு முந்தைய ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது நான்கு பெயரையும் போடுங்கள் என்று நான் கேட்டிருக்கலாம். அந்தப் பேச்சு வந்தது, நான்தான் வேண்டாம் என்றேன். பலர் சேர்ந்து ஒரு கடமையை ஏற்றால், மாறாக ஒன்றும் எழுதியிருக்காவிட்டால், முழுவதையும் அவர்களில் எந்த ஒருவரிடமும் கேட்கலாம் என்று 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு சொல்கிறது. கட்டியவர் மற்றவர்களிடம் சம பங்கு வாங்கிக்கொள்ளலாம். தேர்வுக்குப் படிப்பவள் ஓடிவிட்டால்? கடைப் பெண்ணுக்கு வேலை போய்விட்டால்? நிலையான வருமானம் என்று பார்த்தால் என்னிடம்தான் வருவார்கள். அந்தப் பயத்தில் அண்ணன் பெயரே இருக்கட்டும் என்று விட்டேன். மாமி தன் பெயரைப் போட்டுக்கொள்ளாததற்குச் சொன்ன காரணமும் என்னுடையதும் ஒன்றுதான். என்ன, மாமி அதை வெளியே சொன்னார்.

எனக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை. என் ஆதாரிலும் வங்கியிலும் அப்பாவின் வீட்டு முகவரி இருக்கிறது, அந்த வீட்டுக்கு நான் எப்போது வேண்டுமானாலும் போகலாம். பெயர் இல்லாமல் இருப்பது எனக்குச் சுதந்திரம். போவதற்கு வேறு வீடு இல்லாதவளுக்கு அது அப்படியில்லை. நான்கு பேரும் சமம் என்று தலைக்கு 250 பிரித்த அன்றைக்கு இந்த வித்தியாசத்தை நாங்கள் யாரும் பேசவில்லை.

ஆகஸ்டில் அவள் சத்திரம் பக்கம் ஒரு பெண்கள் விடுதிக்குப் போனாள். அங்கிருந்து கடைக்கு நடந்தே போகலாம். அந்த அரையாண்டுக்கான வரிப் பங்கை நான் ஏப்ரலிலேயே எல்லோருக்கும் சேர்த்துக் கட்டியிருந்தேன். மற்ற இருவரும் தந்துவிட்டார்கள். நோட்டில் அவள் பெயருக்கு நேரே மட்டும் காலியாக இருந்தது. செப்டம்பர் வரைக்குமான தொகை, அவள் ஆகஸ்டிலேயே போய்விட்டாள் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. செய்தி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் ஜிபேயில் 250 வந்தது. ஒரு வார்த்தை இல்லை.

அவள் போன மூன்றாம் நாள் எங்கள் வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை. மாநகராட்சித் தண்ணீர் விடிகாலையில் கொஞ்ச நேரம்தான் வரும். குழாய் கீழே கொல்லைப் பக்கம் ஒரு குழிக்குள் இருந்தது. இறங்கிப் பிடித்து, மாடிக்குக் குடம் குடமாக ஏற்ற வேண்டும். இரண்டு வருடமாக அதைச் செய்தவள் அவள். நாங்கள் எழும்போது தவலை நிரம்பியிருக்கும். மாமிக்கும் இரண்டு குடம் வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போவாள். நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிற பெண். ‘தலைக்கு இவ்வளவு’ என்று எழுதிய நோட்டில் அரிசி, கேஸ், இணையம், வரி எல்லாவற்றுக்கும் பக்கம் உண்டு. தண்ணீருக்குப் பக்கமே இல்லை. வீட்டு வேலைக்குக் கணக்கு உண்டா என்று ஆண்களிடம் கேட்டுக் கட்டுரை எழுதுகிறவள் நான். ஆண்களே இல்லாத வீட்டில் அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை.

இப்போது அவள் இருக்கிற விடுதி, வீடா கடையா என்பதே சில காலம் கேள்வியாக இருந்தது. விடுதி வாடகை குடியிருப்பு ஆகாது, ஜி.எஸ்.டி. உண்டு என்று வரித்துறைத் தரப்பு சொல்லிவந்தது. 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், மாணவிகளும் வேலைக்குப் போகும் பெண்களும் தங்கும் விடுதியும் குடியிருப்பிடம்தான் என்று சொன்னது. அந்த ஜூலையில், தொடர்ந்து 90 நாளாவது தங்கி ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு உட்பட்டு வாடகை தருபவர்களுக்கு அந்த வரியை நீக்கினார்கள். உண்டு உறங்குகிற இடம் வீடு என்பதற்கு ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டிருக்கிறது. குடும்பமாக இல்லாத பெண்கள் சேர்ந்து இருக்கும் இடத்தை நம்மவர்கள் அவ்வளவு எளிதில் வீடு என்று நினைப்பதில்லை.

அண்ணன் பெயரை நீக்கிவிட்டோம். புது ஒப்பந்தத்தில் எங்கள் மூன்று பெயரும், அவள் இடத்துக்கு வந்த பெண்ணின் பெயரும் இருக்கின்றன. மாமி முதலில் முகம் சுளித்தார், பிறகு “நாலு கையெழுத்துன்னா நாலு பேரும் பொறுப்புன்னு அர்த்தம், தெரியுமோல்லியோ” என்றார். தெரியும் என்றோம். தண்ணீர் முறை வைத்துப் பிடிக்கிறோம், எனக்குச் செவ்வாயும் சனியும்.

அந்த 250-ஐத் திருப்பி அனுப்பலாம் என்று பல முறை ஜிபேயைத் திறந்திருக்கிறேன். தொகையைப் போட்டதும் கீழே குறிப்பு எழுத ஒரு கட்டம் வரும். ‘வரி’ என்று எழுதினால், அதை மட்டும்தான் தவறாக வாங்கினேன் என்றாகும். ‘தண்ணீர்’ என்று எழுதினால் இரண்டு வருட விடிகாலைக்கு நான் 250 ரூபாய் கூலி போட்டதாகும். ‘மன்னிப்பு’ என்று ஒரு தடவை எழுதி அழித்தேன், அவள் அதற்கு ஏதாவது பதில் சொல்லியாக வேண்டியிருக்கும். இன்னும் அனுப்பவில்லை.