சபூர் யாருடைய முதல்?

தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறவனைத் தர்மவான் என்கின்றோம். அடுத்தவன் பெட்டியில் கைவிட்டு எடுத்துக் கொடுக்கிறவனுக்கு என்ன பெயர் என்பதை வியாபாரிகளாகிய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பணத்தின் விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பாக இருக்கும் நாம், பொறுமையின் விஷயத்தில் மட்டும் அந்தக் கணக்கை மறந்துவிடுகின்றோம். அடிபடுகிறவள் ஒருத்தி, "சபூர் செய்" என்று சொல்லுகிறவர் நாம். அந்தச் சபூர் யாருடைய முதல் என்று ஒருவரும் கேட்பதில்லை. இதை எழுதத் தூண்டியது என் சொந்தத் தவறு ஒன்று. ஆகையால் அதை முதலில் சொல்லிவிடுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் கடையில் பெட்டியடியில் ஒரு தம்பி இருந்தார். இராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்துச் சிற்றூர்க்காரர். அவருடைய ஒரே தங்கையை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். தாய் வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் இடையில் இரண்டே தெரு. வெள்ளிக்கிழமைதோறும் அவர் ஊருக்குப் போன் செய்வார். "நல்லாத்தான் இருக்கேன், காக்கா" என்று தங்கை சொல்லும். அந்த வார்த்தைக்கு மேல் ஒரு வார்த்தை வராது. பக்கத்தில் மாப்பிள்ளை நின்று கேட்டுக்கொண்டிருப்பது இங்கேயே தெரியும். இரண்டு தெரு தள்ளியிருக்கும் தாயைப் பார்க்க அவள் மூன்று மாதமாகப் போகவில்லை. பெருநாளைக்கு அனுப்பிய படத்தில் கழுத்தில் கருகமணி மட்டும் இருந்தது. போட்டு அனுப்பிய நகை ஒன்றையும் காணோம்.

"முதலாளி, தங்கச்சி குரல் சரியாயில்லை. ஒரு நடை ஊருக்குப் போய்ப் பார்த்து வரட்டுமா?" என்று அவர் கேட்டார். அது நோன்புக்கு முந்திய வியாபார நேரம். "குடும்பம் என்றால் நாலும் இருக்கும் தம்பி. சபூர் செய்யச் சொல்லு" என்றேன். அவரும் அவ்வாறே சொன்னார். அவளும் அவ்வாறே செய்தாள். அடுத்த ஆண்டு ஒரு நாள் சுபுஹு பாங்கு சொல்லும் நேரத்தில், இடக்கை முறிந்து, கைக்குழந்தையுடன் தாய் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அந்த இரண்டு தெருவை நடந்து கடக்க அவளுக்கு ஆறு ஆண்டு ஆகியிருந்தது.

பிறகு விசாரித்தபோதுதான் ஒன்று தெரிந்தது. பக்கத்து வீட்டாருக்கு எல்லாம் தெரியும். டவுன் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டியவர்களுக்குத் தெரியும். ஜமாஅத்தில் இருவருக்குத் தெரியும். எல்லோரும் நல்லவர்களே. எல்லோரும் சபூர் சொன்னார்கள். செய்தவள் அவள் ஒருத்திதான்.

சபூர் உயர்ந்த குணம் என்பதில் நமக்கு ஐயமில்லை. நோய் வரும், நஷ்டம் வரும், மௌத்து வரும். அவற்றைத் தாங்குவது ஈமானின் அடையாளம். ஆனால் அவை மனிதன் கையால் நிறுத்த இயலாதவை. ஒரு மனிதன் ஓங்கிய கை அவ்வாறானதன்று. அதைப் பிடித்து நிறுத்த இன்னொரு மனிதன் கை போதும். அநியாயம் செய்கிற சகோதரனுக்கும் உதவுங்கள், அவனைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்திருக்கின்றார்கள். தடுக்கக்கூடியவன் தடுக்காமல், படுகிறவளிடம் பொறுமையைக் கேட்பது சபூர் ஆகாது. அவளுடைய முதலை எடுத்து நம்முடைய சௌகரியத்தை வாங்குவதே ஆகும்.

"அது அவர்கள் வீட்டு விஷயம், வெளியே பேசினால் புறம் பேசியதாகும்" என்று சிலர் அஞ்சுகின்றனர். அச்சம் நல்லதே. ஆனால் பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களின் வரலாற்றை அவர்கள் நினைக்க வேண்டும். இருவர் தம்மைப் பெண் கேட்டிருப்பதாக அந்த அம்மையார் நாயகத்திடம் யோசனை கேட்டபோது, ஒருவர் தோளிலிருந்து கம்பை இறக்காதவர் என்பதை நாயகம் மறைக்காமல் சொன்னார்கள். ஒரு பெண்ணின் பாதுகாப்பு முன்னே நின்றபோது, அங்கே மூடிவைப்பதற்கு இடமில்லாமல் போயிற்று. நாமோ மாப்பிள்ளை பார்க்கும்போது அவருடைய சம்பளத்தையும் கடையையும் விசாரிக்கிறோம். அவர் கையை விசாரிப்பதில்லை.

அடிப்பதற்கு வேதத்தில் இடமிருக்கிறதென்று வாதிடுவோரும் உண்டு. அந்த வேதத்தை நமக்குக் கொண்டுவந்தவர்கள் ஒரு பெண்ணையோ பணியாளையோ ஒருநாளும் கையால் அடித்ததில்லை என்று, அவர்களுடன் ஒரே வீட்டில் வாழ்ந்த ஆயிஷா நாயகி (ரலி) அறிவித்திருக்கின்றார்கள். விளக்கம் வேண்டுவோர் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும். ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி) அவர்கள் கணவர் அடித்துக் காயமுற்று ஒரு விடியற்காலையில் நாயகத்தைத் தேடி வந்தார்கள். "நீ என்ன செய்தாய்?" என்று கேட்டு, வீட்டுக்குப் போய்ப் பொறுத்துக்கொள் என்று அவர்கள் திருப்பி அனுப்பப்படவில்லை. கணவரை அழைத்து, மஹரைத் திரும்பப் பெறச்செய்து, பிரித்து வைக்கப்பட்டது. அந்த விடியற்காலையையும், நம் தம்பியின் தங்கை வந்து நின்ற விடியற்காலையையும் சேர்த்து நினைக்கும்போது எனக்குத் தலை குனிகின்றது.

இஃது எங்கோ ஒரு வீட்டுச் சங்கதி என்று எண்ண வேண்டாம். 2019 முதல் 2021 வரை இந்திய அரசு எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 38 சதவிகிதத்தினர் கணவன் கையால் வன்முறைக்கு ஆளானவர்கள். இந்தியா முழுவதிலும், அடிபட்ட பெண்களுள் யாரிடமேனும் உதவி நாடியவர்கள் 100க்கு 14 பேர்தாம். மற்றவர்கள் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கின்றார்கள்.

ஆகையால் அவர்கள் சொல்லாததை நாம் அறிந்துகொள்ளப் பழக வேண்டும். போனில் தனியாகப் பேச முடியாமை. தாய் வீட்டுப் போக்குவரத்து சிறுகச் சிறுக நின்றுபோதல். நகைகள் காரணமின்றி மறைதல். மீண்டும் மீண்டும் "கிணற்றடியில் வழுக்கிவிட்டது" என்னும் பதில். வெக்கையிலும் முழுக்கை மூடிய உடை. வாப்பாவின் காலடி கேட்டால் பிள்ளைகள் ஒடுங்கிப்போதல். இவற்றுள் ஒன்று மட்டும் இருந்தால் முடிவு கட்ட வேண்டாம். பல சேர்ந்திருந்தால் கண்ணை மூட வேண்டாம். மாப்பிள்ளை முதல் வரிசையில் தொழுகிறவர், எல்லோரிடமும் இன்முகம் காட்டுகிறவர் என்பது இதற்கு மறுப்பாகாது. வெளியே இனிக்கிற கை வீட்டில் ஓங்குவதைக் கண்டவர் பலர்.

கைதான் ஓங்க வேண்டும் என்பதுமில்லை. நம்முள் சிலர் இந்நாட்டில் இருந்துகொண்டு, மனைவியின் செலவுப் பணத்தை அண்ணன் பெயருக்கோ வாப்பா பெயருக்கோ அனுப்பி, அரிசிக்கும் மருந்துக்கும் அவளை அவர்களிடம் கையேந்த வைக்கின்றோம். எங்கே போனாய், யாருடன் பேசினாய் என்று நாளுக்குப் பத்து முறை போனில் விசாரணை வைக்கின்றோம். இவையெல்லாம் குடும்பத் தலைவனின் உரிமை என்று நினைத்திருந்தோம். இந்தியாவில் 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையிலுள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், உடலை வருத்துதலோடு மனத்தை வருத்துதலையும், பணத்தை முடக்குதலையும் வன்முறை என்றே வகுத்திருக்கின்றது. எல்லா மதத்துப் பெண்களுக்கும் அது பொதுச் சட்டம்.

டவுனில் இருப்பவளைவிடக் கிராமத்துப் பெண்ணுக்கு இது கடினம். அங்கே எல்லோரும் உறவு. ஜமாஅத் தலைவர் மாப்பிள்ளையின் மாமாவாக இருப்பார். மகளிர் காவல் நிலையம் டவுனில் இருக்கும். அவள் பஸ் ஏறுவதற்கு முன்பே செய்தி வீடு போய்ச் சேர்ந்துவிடும். எனவே அவள் நம்மைத் தேடி வரட்டும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. சந்தேகமின்றி அந்த வீட்டுக்குள் போகக்கூடியவர்கள் சிலர் உண்டு. கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடி ஆசிரியை, பெண்கள் மதரசாவில் ஓதிக்கொடுக்கும் ஆலிமா ஆகியோர் அவர்கள். அவர்களுள் நம்பத்தகுந்த ஒருவர் வழியாகத் தனியே பேச இடம் ஏற்படுத்த வேண்டும்.

பேசக் கிடைத்தால் முதலில் நம்ப வேண்டும். "நீ என்ன எதிர்த்துப் பேசினாய்?" என்று கேட்கலாகாது. ஆத்திரப்பட்டு மாப்பிள்ளையைப் போனில் திட்டலாகாது. நாம் இங்கே திட்டிய திட்டுக்கு அவள் அங்கே விலை கொடுப்பாள். பெண் பிரிந்து வெளியேறும் நேரமே அவளுக்கு மிக ஆபத்தான நேரம் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். ஆகவே சத்தமின்றி ஆயத்தம் செய்ய வேண்டும். ஆதார் அட்டை, ரேஷன் அட்டை, பாஸ்போர்ட், பாங்குப் புத்தகம், நிக்காஹ் சான்று, ஆஸ்பத்திரிச் சீட்டு ஆகியவற்றின் நகலை நம்பிக்கையான ஓரிடத்தில் வைக்கச் செய்யலாம். பணத்தை அவள் பெயரிலுள்ள கணக்குக்கே அனுப்பலாம். அதையும் அவன் பறிக்கக்கூடியவனாயின் உம்மாவிடம் அமானத்தாக வைக்கலாம். போனில் அவள் ஒரு குறிப்பிட்ட சொல்லைச் சொன்னால் உடனே ஆள் போக வேண்டும் என்று ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

ஜமாஅத்தில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. இரு தரப்பிலும் ஒருவரை வைத்துச் சமாதானம் பேசும் முறை நமக்கு வேதம் காட்டியது. அது பிணக்குக்கு உரிய மருந்து. அடித்தவனையும் அடிபட்டவளையும் ஒரே பாயில் உட்கார வைத்து, "சொல்லும்மா, உனக்கு என்ன குறை?" என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? அவளைத் தனியே, பெண்கள் துணையோடு கேட்க வேண்டும். அவள் பாதுகாப்பு உறுதியான பின்பே சமாதானப் பேச்சு. குலா கேட்டு வரும் பெண்ணை மாதக்கணக்கில் அலைக்கழிப்பதும் அவளை மீண்டும் அந்த வீட்டுக்குள் தள்ளுவதும் ஒன்றே.

சட்டத்தின் கதவும் திறந்தே இருக்கிறது. ஒரு பெண் துன்புறுகிறாள் என நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு கொடுத்தவர்மீது வழக்கு வராது என்று மேற்சொன்ன சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கின்றது. வீடு அவள் பெயரில் இல்லாவிடினும் அவள் வாழும் வீட்டிலிருந்து அவளைத் துரத்த இயலாது. இந்தியாவில் 181 என்னும் எண்ணில் பெண்கள் உதவி கேட்கலாம். தங்க இடம், மருத்துவம், வக்கீல் உதவி மூன்றையும் ஓரிடத்தில் தரும் சேவை மையங்கள் 2015 முதல் மாவட்டங்களில் ஏற்பட்டுள்ளன. பெண்களுக்கு வருமானக் கணக்குப் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. நம்மோடு இந்நாடுகளில் வாழும் குடும்பங்களுக்கு, மலேசியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டமும் சிங்கப்பூரில் 1996இல் திருத்தப்பட்ட மாதர் சாசனமும் உள்ளன. இரண்டிலும் இந்தப் பாதுகாப்பு முஸ்லிம்களுக்கும் உரியது. உதவி எண் மலேசியாவில் 15999; சிங்கப்பூரில் 1800 777 0000.

இவ்வளவு செய்தும் அவள் மறுபடி அந்த வீட்டுக்கே திரும்பிப் போகலாம். பிள்ளைக்காகப் போவாள், பயத்தால் போவாள், திருந்துவான் என்ற நம்பிக்கையால் போவாள். "இனி எங்களிடம் வராதே" என்று அப்போது சொல்லிவிடக் கூடாது. கடனைத் தவணை தவணையாகக் கட்டுகிறவனிடம் நாம் காட்டும் நிதானத்தை அவளிடமும் காட்ட வேண்டும். பொறுமை என்பது உண்மையில் நம் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டிய இடம் இதுதான்.

அந்தத் தம்பியின் தங்கை இப்பொழுது தாய் வீட்டில் இருக்கின்றாள். தையல் தைத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகின்றாள். இடக்கை முழங்கைக்குக் கீழே நேராக நீள்வதில்லை. தம்பி என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆயினும் ஒவ்வொரு நோன்புக்கு முன்னும், கடையில் கூட்டம் நெரியும்போது, அவர் கேட்ட கேள்வியும் நான் சொன்ன பதிலும் என் காதில் விழுகின்றன.

சகோதரர்களே, இந்த வெள்ளிக்கிழமை ஊருக்குப் போன் செய்யும்போது, நம் வீட்டுப் பெண்கள் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னால் அதோடு வைத்துவிடாதீர்கள். தனியாக இருக்கும் நேரம் பார்த்து இன்னொரு முறை கேளுங்கள். பிறர் முதலில் தர்மம் செய்யும் பாவத்திலிருந்து அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. ஆமீன்.