கொடியோன் பிறக்கின்றானோ, ஆக்கப்படுகின்றானோ?

மேலைநாட்டார் அச்சச்சுவை பயப்ப எழுதிய கதைகளுள் இன்றுகாறும் நின்று நிலவுவது மேரி ஷெல்லி அம்மையார் இயற்றிய பிராங்கன்ஸ்டைன் என்னும் நாவலாம். 1816ஆம் ஆண்டு வேனிற்காலத்தில், ஜெனீவா ஏரிக்கரையில் தங்கியிருந்தபோது, தம் 18ஆம் வயதில் அம்மையார் இதனைத் தொடங்கினார். 1818ஆம் ஆண்டில் இலண்டனில் ஆசிரியர் பெயரின்றி இது வெளிவந்தது. இதனை வெறும் பூதக்கதையென ஒதுக்குவாரும் உளர். பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்புடைய ஆசிரியர்க்கு இன்றியமையாத வினாவொன்று இதனுட் கிடத்தலின், அதனை ஈண்டு ஆராய்வாம்.

விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்னும் மாணாக்கன் இங்கொல்ஸ்டாட் சர்வகலாசாலையிற் பயின்று, பிணங்களினின்றும் பிறவற்றினின்றும் எடுத்த உறுப்புக்களை இணைத்து, எட்டடி உயரமுள்ள ஓர் உருவைச் சமைத்து உயிர்ப்பித்தான். அது கண்விழித்தவுடன் அதன் விகாரத்திற்கு அஞ்சி ஓடினான். அதற்குப் பெயர்தானும் இட்டிலன். ஆக்கியோன் பெயரையே உலகத்தார் அதற்கு இட்டு வழங்குதல் இதுபற்றிப் போலும்.

கைவிடப்பட்ட அவ்வுரு செய்தது யாது? காட்டயலில் ஒரு குடிசையை அடுத்து ஒளித்திருந்தது. அங்குள்ளாரது வறுமையை அறிந்தபின் அவருணவைக் களவாடுதலை ஒழித்து, இராக்காலத்தில் அவர்க்கு விறகு கொணர்ந்து வைத்தது. அவர் பேசக்கேட்டு மொழி பயின்று, பின் நூல்களும் கற்றது. அவ்வீட்டிலிருந்த கண்ணிலாக் கிழவர் அதனோடு அன்பாய் உரையாடினார். கண்ணுடைய மகனோ கண்டவுடன் தடிகொண்டு அடித்தான். நீரில் வீழ்ந்த சிறுமியொருத்தியைக் கரைசேர்த்ததற்கு அது பெற்ற கைம்மாறு துப்பாக்கிக் குண்டேயாம். இவற்றின் பின்னரே அது கொலையிற் புகுந்தது.

1931ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வேல் என்பார் எடுத்த சலனப்படமோ வேறொரு காரணங் காட்டுகின்றது. அதன்கண் ஏவலாளன் நன்மூளையைக் கீழே விழுத்திக் கெடுத்து, குற்றவாளி ஒருவனது மூளையைக் கொணர்கின்றான். அவ்வுருவைத் தீப்பந்தத்தால் வருத்துங் காட்சியும் அப்படத்தில் உண்டு. ஆயினும் காண்போர் மனத்திற் பதிவது அம்மூளையே. கொடுமை மூளையிலேயே அமைந்ததாயின், ஆக்கியோனுக்கும் அடித்தோருக்கும் பழியில்லை. ‘இவன் பிறவித் துட்டன்’ என்று ஒரு மாணாக்கனைக் கடைசி வாங்கில் இருத்திவிடும் ஆசிரியர் கொள்வதும் இக்கொள்கையே. அஃது அவர்க்கு ஆறுதல் தருவது; ஆதலின் ஐயுறத்தக்கது.

அற்றேல், அவ்வுரு குற்றமற்றதோவெனின், அன்று. விக்டரின் தம்பியாகிய பாலகன் அதற்கு யாது தீங்கு செய்தான்? அவனைக் கொன்று, அப்பழியை ஜஸ்டின் என்னும் பணிப்பெண்மேல் ஏற்றி, அவள் உயிரிழக்கச் செய்ததும் அவ்வுருவே. நன்மை தீமை உணர்ந்தபின் செய்தமையின் அஃது அதன் குற்றமேயாம். இறுதியில் அதுவே தன்னை வெறுத்துப் புலம்புகின்றது. ஆயினும், தானறிந்ததை வெளியிடாது அப்பெண்ணைச் சாகவிட்ட விக்டரின் குற்றம் இதனாற் குறையாது. பழி பங்கிட்டுக் குறைக்கத்தக்க பொருளன்று.

ஆசிரியர்காள்! குற்றஞ்செய்த மாணாக்கனைத் திருத்தல் நங்கடனே. தண்டம் வேண்டுமிடத்து அதனையும் விலக்கோம். அதன்முன், அவனுக்கு நாம் செய்யக் கடவதைச் செய்தோமோவென நம்மை வினாவுதல் முறையாம். கண்ணிலாக் கிழவரது அன்புரை சிறிது நேரமே நிகழ்ந்தது. அது நீடித்திருப்பின் யாது விளைந்திருக்கும் என்பதைக் கதை கூறவில்லை. நம் வகுப்பறையில் அதனைச் செய்து பார்த்தற்கு நமக்கு ஆண்டு முழுதும் காலமுண்டு.