செவியின் சாட்சியம்

என் மேசையில் ஒரு சிறு கறுப்புப் பெட்டி இருக்கிறது. கணினியில் எண்களாகக் கிடக்கும் ஒலியை மின்னலையாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்புவது அதன் வேலை. டிஜிட்டல் கன்வேர்ட்டர் என்பார்கள். சென்ற மாரியில் அது இரையத் தொடங்கியது. திருத்துவதா, புதிது வாங்குவதா என்று குழம்பி, கடைசியில் சந்தியில் வானொலி திருத்துபவரிடம் கொடுத்தேன்.

"கொண்டென்சர் காய்ஞ்சி போயிருந்திச்சி சேர். மாத்திட்டன். இனி நல்லா ஓடும்."

இரைச்சல் நின்றுவிட்டது. செலவும் சொற்பம். ஆனால் அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பெட்டி முடிந்துவிட்டது என்று அவர் சொல்லவேண்டும் என நான் எதிர்பார்த்திருக்கிறேன்! அந்த ஏமாற்றம்தான் இக்கட்டுரையை எழுதவைத்தது.

காரணம் உண்டு. 1989இல், சவூதியிலிருந்த மாமாவுக்கு அனுப்பவென்று வாப்பா பேசிய கேசட் ஒன்று எங்களிடம் உள்ளது. மாமா திரும்பி வந்தபோது கொண்டுவந்தது. வாப்பா மௌத்தானபின் எஞ்சியிருக்கும் அவரது ஒரே குரல் அதுதான். அதைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறேன். நண்பர் ஒருவரின் விலையுயர்ந்த கன்வேர்ட்டரில் அதைக் கேட்டபோது வாப்பாவின் மூச்சுக்கூடக் கேட்டது போலிருந்தது.

கேட்டதா, கேட்டது போலிருந்ததா?

1982இல் விற்பனைக்கு வந்த இறுவட்டு, ஒலியைச் செக்கனுக்கு 44,100 தடவை அளக்கிறது. ஒவ்வோர் அளவுக்கும் 65,536 படிகள். மனிதச் செவியின் உச்ச எல்லையான 20,000 ஹேர்ட்சுக்கு இது போதும். நாற்பதைத் தாண்டிய என் செவிக்கு அந்த எல்லையே எட்டாது. மேயர், மொரான் என்ற இருவர் 2007இல் வெளியிட்ட சோதனையில், உயர்தர ஒலிப்பதிவையும் அதையே இறுவட்டுத் தரத்துக்கு இறக்கியதையும், எது எதுவென்று தெரியாமல் கேட்கவைத்தனர். 554 முறையில் 276 முறைதான் சரியாகச் சொன்னார்கள். காசைச் சுண்டியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். அது கன்வேர்ட்டர்களை ஒப்பிட்ட சோதனையன்று. ஆனாலும் 'என் காதால் கேட்டேன்' என்ற சொல்லின் பெறுமதியை அது குறைத்துவிடுகிறது. சற்றே கூடிய சத்தத்தைக்கூட நாம் 'தெளிவு' என்று எண்ணிவிடுகிறோம்.

ஊரில் ஒரு காணிப் பிணக்கென்றால் ஆதாயம் உள்ளவனின் சாட்சியத்தை நாம் இலேசில் ஏற்பதில்லை. பொருள் வாங்கும்போது மட்டும் வழக்காளியும் நாமே, சாட்சியும் நாமே, நீதவானும் நாமே.

இதையெல்லாம் வீண்விரயம் என்று ஒரே சொல்லில் தள்ளுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. நல்ல ஒலியில் இலயிப்பதும் மனிதத் தேவைதான். நான் விலை கொடுக்கப் போவது அந்த இலயிப்புக்கா, வாப்பா இன்னும் கொஞ்சம் கிடைப்பார் என்ற நப்பாசைக்கா என்பதே என் சங்கடம். அந்தக் கேசட்டில் அன்று பதியாத மூச்சை எந்தப் பெட்டியாலும் தரமுடியாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆசை அடங்கவில்லை.

நண்பரின் பெட்டியை இரவல் வாங்கிவந்தேன். திருத்துபவரின் மீற்றரால் இரண்டின் சத்தத்தையும் சமப்படுத்தினேன். நான் சுவரைப் பார்த்திருக்க, மகன் மாற்றி மாற்றி இணைத்தான். பத்து முறை.

"ஆறு செரி வாப்பா. நாலு பிழை."

"ஆறு செரிதானே?"

அவன் சிரித்தான். "இன்னொருக்கா பாப்பமா?"

வேண்டாம் என்றேன். நண்பரின் பெட்டி இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.