ஊரின் உருவம் எவர் உடைமை?

கலைக்கு விலை வைக்கலாமா என்னும் வினா பழையது. ஓர் ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஓவியன், அவ்வூரின் தெருக்களையும் கடைவரிசைகளையும் தாளில் தீட்டி, அத்தாளை விலைக்கு விற்கும்போது அவ்வினா புதிய கூர்மை பெறுகிறது. குயவன் தன் கையால் வனைந்ததை விற்கிறான். கவிஞன் தன் உள்ளத்தில் எழுந்ததை விற்கிறான். ஊர் ஓவியனோ எல்லார்க்கும் பொதுவாக நிற்கும் ஒன்றின் உருவத்தை விற்கிறான். பொதுவானதற்குத் தனியொருவன் விலை பெறுவது முறையாகுமா?

பத்து காஜா போன்ற சிறுநகரில் இது வெறும் ஏட்டு வினா அன்று. குடியேற்ற ஆட்சிக் காலத்து நீதிமன்றக் கட்டடமும், பழைய கடைவீடுகளும், ஈய வளத்தால் எழுந்து அவ்வளம் வற்றியபின் அமைதியடைந்த வீதிகளும் அங்கு உண்டு. அருகில் ஈப்போ, அங்கே ஹப்பக் வரைந்த திட்டப்படி எழுந்து 1917இல் நிறைவெய்திய தொடர்வண்டி நிலையம். பழமையைக் காண வரும் பயணிகள் இத்தகைய காட்சிகள் பதித்த அஞ்சலட்டைகளை வாங்கிச் செல்கின்றனர். ஓவியனுக்குச் சில வெள்ளிகள் கிடைக்கின்றன. அவ்வெள்ளியைப் பெறும் உரிமை அவனுக்கு உண்டா என்பதே ஆராய்தற்குரியது.

சட்டம் இதற்கு எளிதாக விடை கூறிவிடும். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பொதுமக்கள் காணும் இடத்தில் நிலையாக அமைந்த கலைப்படைப்பைப் படியெடுத்துப் பரப்புதற்கு இடம் தருகிறது. ஓவியன் தீட்டிய படத்தின் உரிமையை அவன் வாழ்நாள் முழுமைக்கும், அதன்பின் 50 ஆண்டுகளுக்கும் காக்கிறது. ஆனால் சட்டம் தடுக்காத யாவும் அறமாகிவிடுவதில்லை. பிறர் வாழ்வை நோக்கும் கண்ணுக்கு ஒரு கடமை உண்டா என்று சட்டம் கேட்பதில்லை, அறம் கேட்கிறது.

சங்கச் சான்றோருள் பெருஞ்சித்திரனார் வறுமையில் உழன்றவர். அவர் அதியமான் நெடுமான் அஞ்சியை நாடிச் சென்றபோது, மன்னன் நேரில் காணாமலே பரிசில் அனுப்பினான். புலவர் அதனை ஏற்க மறுத்தார். தம்மைக் காணாது தந்த பொருளைப் பெற்றுச்செல்லத் தாம் வணிகர் அல்லர் என்றார். தகுதியறிந்து தருவதாயின் தினையளவே ஆயினும் இனிது என்றார். அவர் பொருளை வெறுத்தவர் அல்லர். பரிசில் பெறுதலை இழிவென எண்ணியவரும் அல்லர். காணாமை ஒன்றையே அவர் பழித்தார். புறநானூறு காத்துவைத்த இந்நிகழ்ச்சி, கலைக்கும் பொருளுக்கும் உள்ள உறவை அளக்க நல்லதோர் அளவுகோல். கொடுப்பவன் காண வேண்டும் என்பது நீதியாயின், தீட்டுபவனும் காண வேண்டும் என்பதும் நீதியே.

இன்று உலகெங்கும் பரவியுள்ள நகர ஓவியர் இயக்கமும் இதே நெறியை வேறு வழியில் வந்தடைந்துள்ளது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாழ்ந்த கேப்ரியல் கம்பனாரியோ என்னும் செய்தித்தாள் ஓவியர் 2007இல் இதனைத் தொடங்கினார். காட்சிக்கு நேரே அமர்ந்து வரைதல், கண்டதற்கு உண்மையாயிருத்தல், வரைந்ததை ஒருவரோடொருவர் பகிர்தல் ஆகியவை இவ்வியக்கத்தார் ஏற்ற கொள்கைகளுள் அடங்கும்.

கண்டு தீட்டுதல் என்பது எளிதன்று. பத்து காஜாவுக்கு அருகிலுள்ள கெல்லி மாளிகையே இதற்குச் சான்று. ஸ்காத்லாந்திலிருந்து வந்த வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் தோட்ட முதலாளி 1915இல் கட்டத் தொடங்கிய அம்மாளிகை, 1926இல் அவர் லிஸ்பன் நகரில் இறந்தமையால் முற்றுப்பெறாது நின்றுவிட்டது. பயணிகள் விரும்பி வாங்குவது அதன் கோபுரத்தையும் வளைவுகளையும் காட்டும் படங்களையே. ஆனால் அச்சுவர்களை எழுப்பிய கைகள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் கைகள். கொடிய விஷக்காய்ச்சல் பரவி அவர்களுள் பலர் மாண்டனர் என்றும், எஞ்சியோர் வேண்டியதால் அருகிலேயே மாரியம்மன் கோயில் எழுந்தது என்றும் கூறுவர். அக்கோயிலின் மேற்கட்டில் தெய்வ உருவங்களுக்கிடையே வெள்ளை உடையணிந்த துரையின் உருவமும் நிற்கிறது. தொழிலாளர் துரைக்குத் தங்கள் கோபுரத்தில் இடம் தந்தனர். மாளிகையைத் தீட்டும் ஓவியன் அத்தொழிலாளருக்குத் தன் தாளில் இடம் தருகிறானா?

விற்பனையால் விளையும் மெய்யான இடர் இங்கேதான் உள்ளது. பணம் தாளைத் தீட்டுப்படுத்துவதில்லை, கண்ணைத் திருப்பிவிடுகிறது. மாளிகை விற்கும், கோயில் விற்காது எனத் தெரிந்தபின் ஓவியனின் கால்கள் தாமாகவே மாளிகையை நோக்கி நடக்கும். தஞ்சோங் துவாலாங் சாலையில் நிற்கும், 1938இல் உருவாகி 1982 வரை உழைத்த ஈயக் கப்பலைத் தீட்டுபவன் அதன் இரும்புப் பேருருவை மட்டும் தீட்டி, இரவும் பகலும் அதில் முறைவேலை செய்த மனிதரை மறந்துவிடக்கூடும். சில ஆண்டுகளில் ஊர் தன்னைத் தன் கண்ணால் காணாமல் வாங்குவோர் கண்ணால் காணத் தொடங்கும். அவ்விழப்பை எந்த வெள்ளியும் ஈடுசெய்யாது.

அவ்வாறாயின் விற்காமல் எல்லாவற்றையும் இலவசமாகப் பகிர்வதே அறம் என்று சிலர் முடிவு கட்டுவர். அதுவும் ஆராயாத முடிவே. மாத ஊதியம் பெறும் ஒருவர் தம் படங்களை வாரி வழங்கினால் அவர்க்குப் புகழ் சேரும். அதே தெருவில் தூரிகையையே பிழைப்பாகக் கொண்ட மற்றொருவரிடம், இதற்கும் காசா என்று ஊர் கேட்கும். ஒருவரது ஈகை மற்றவரது உலையை அவிக்குமாயின் அதனை முழு ஈகை எனல் பொருந்தாது. மேலும் ஓவியன் விற்பது தெருவை அன்று. அது விற்றபின்னும் அங்கேயே கிடக்கிறது. வெயிலில் அமர்ந்த பொழுதையும், பல்லாண்டுப் பயிற்சியையும், நோக்கின் நுண்மையையுமே அவன் விற்கிறான். அவற்றுக்குக் கூலி கேட்பது குற்றமன்று.

கோப்பெங் வட்டாரத்துக் கம்பத்தில் 1951இல் பிறந்த லாட், தம் பிறந்த மண்ணின் வாழ்வை 1979இல் நூலாகத் தீட்டி விலைக்கே விற்றார். அதனால் அக்கம்பம் எதையும் இழக்கவில்லை. உலகோர் நெஞ்சில் இடம்பெற்றது. மதுரையில் 1936இல் பிறந்த மனோகர் தேவதாஸ், விழித்திரை நோயால் பார்வை சுருங்கிக்கொண்டே வந்தபோதும் அந்நகரின் கோபுரங்களையும் தெருக்களையும் மைக்கோடுகளால் நுணுக்கமாகத் தீட்டினார். 1972இல் நேர்ந்த சாலை விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த துணைவியார் மஹிமாவுடன் இணைந்து அவற்றை வாழ்த்து அட்டைகளாக்கி, விற்று வந்த பொருளை அறப்பணிகளுக்கு ஈந்தார். 2022இல் அவர் மறைந்தார். விற்றலும் பகிர்தலும் பகையல்ல என்பதற்கு அவர் வாழ்வே சான்று. அவ்வளவும் ஈதல் எல்லார்க்கும் இயலாது; வறியவனிடம் அதனைக் கேட்பதும் நீதியன்று. எனினும் ஒரு பங்கு ஊருக்குத் திரும்ப வேண்டும் என்னும் எண்ணம் எவர்க்கும் இயலும்.

அப்பங்கு பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முடிதிருத்துபவரையோ பூக்கட்டும் மூதாட்டியையோ தீட்டினால் அவர்தம் இசைவைக் கேட்டல், முதற்படியை அவர்களிடமே கொடுத்தல், இடிபடவிருக்கும் தோட்டத்து லயத்தை வாங்குவோர் இல்லாதபோதும் தீட்டி வைத்தல், அதன் நகலைத் தமிழ்ப்பள்ளி மாணவர் காணச் செய்தல் ஆகியவையும் பங்குகளே. விலைபோகும் பத்துப் படங்களுக்கு இடையே விலைபோகாத ஒன்றைத் தீட்டும் ஓவியன், அந்தப் பத்தையும் விற்கும் தகுதியைப் பெறுகிறான்.

ஊரின் உருவம் எவர் உடைமை என்னும் வினாவுக்கு அது எவருடைய தனியுடைமையும் அன்று என்பதே விடை. ஓவியனிடம் அது கடனாக வந்தது. கடன் பெற்றவன் அதைக்கொண்டு பிழைக்கலாம்; முதலை மறக்கலாகாது. கெல்லி மாளிகையின் அருகே வாழ்ந்து மறைந்தோர் பலர். அவர்களைக் கண்டு தீட்டும் ஒரு கோடேனும் பத்து காஜாவின் தாள்களில் இருக்குமாயின், அத்தாளுக்கு ஓவியன் பெறும் வெள்ளியைக் குறை கூற எவர்க்கும் வாய் எழாது.