கடன்படாதவனின் மதிப்பெண்

கடனைத் திருப்பிச் செலுத்தும் ஒழுங்கிற்கு 300 முதல் 900 வரை மதிப்பெண் இடுகின்றனர். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சிபில் நிறுவனமே இதில் மூத்தது.

கடனே வாங்காதவனுக்கு இங்கே மதிப்பெண் இல்லை. வரலாறு இல்லாதவன் என்று மட்டும் குறிப்பர். ஆகவே, தேவையில்லாவிடினும் ஒரு கடன் அட்டை பெற்றுச் சிறிது செலவிட்டுக் கெடுவுக்குள் முழுவதும் செலுத்துக என்று மாணவர்க்குக் கூறுவோர் உளர். கணக்களவில் அது சரியே. ஆனால் நம்பத்தக்கவன் எனக் காட்டுதற்பொருட்டு வேண்டாத கடனைத் தேடிக்கொள்வது முறையாகுமா? ஆகாது என்பதே என் துணிபு. அட்டை வந்தபின் வேண்டாத பொருளும் வேண்டியதாகத் தோன்றும். மிகுபொருள் விரும்பாமையைக் கற்பிக்கும் இல்லத்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கல்விக்கடன் அத்தகையதன்று, அது தேவையால் வருவது. படிப்புக் காலமும் பின் ஓராண்டும் பொதுவாகத் தவணை கேட்பதில்லை. எனினும் வட்டி மானியம் பெறாதார்க்கு வட்டி ஏறிக்கொண்டே வரும். தந்தையோ தாயோ இணைக்கடனாளியாகக் கையொப்பமிடுவதால், மகன் தவணை தவறினால் அவர்தம் மதிப்பெண்ணும் தாழும். தங்கையின் படிப்பிற்காகத் தந்தை வங்கியை அணுகும் நாளில்தான் அது வெளிப்படும். "வேலை கிடைக்கட்டும், பார்ப்போம்" என்றிருக்கும் பிள்ளை பணயம் வைப்பது தன் பெயரை மட்டுமன்று. வேலை தாமதமாயின், தவணை தவறுமுன்பே வங்கிக்குச் சென்று நிலைமையைக் கூறிக் காலநீட்டிப்புக் கேட்டல் வேண்டும்.

ஆண்டிற்கொரு முறை கட்டணமின்றி அறிக்கை பெறலாம். பிழையிருப்பின் திருத்தவும் கோரலாம். அதனைப் பெற்றோரும் பிள்ளையும் உடனிருந்து படிப்பது நன்று.