வேதபோதகரின் கைமுதல்



நமதாண்டவர் தம்முடைய சீடர்களை இருவர் இருவராக ஊர்களுக்கு அனுப்பிய வரலாற்றை அர்ச். லூக்காஸ் தமது சுவிசேஷத்தின் 10-ஆம் அதிகாரத்தில் எழுதி வைத்திருக்கிறார். அதில் ஒரு விசேஷத்தைக் கவனியுங்கள். புறப்பட்டுப் போங்கள் என்று கட்டளையிடுமுன், அறுவடைக்கு ஆட்களை அனுப்பும்படி அறுவடையின் எஜமானரை மன்றாடச் சொல்லுகிறார். முதலில் செபம், பிறகு பயணம். அதன்பின், பணப்பையும் வேண்டாம், பாதரட்சையும் வேண்டாம் என்கிறார்.

நம் திருப்பூரில் கைமுதல் இல்லாமல் எவரும் தொழில் தொடங்குவதில்லை. நான்கு தையல் மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறவர்கூட, வாடகைக்கும் சனிக்கிழமைச் சம்பளத்துக்கும் கையில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கதவைத் திறப்பார். அப்படியிருக்க, பாஷை தெரியாத தேசத்துக்கு, பையில் ஒன்றுமில்லாமல் போகும் வேதபோதகருக்குக் கைமுதல் எது?

வருகிற ஞாயிறு உலக வேதபோதக ஞாயிறு. பாப்பரசர் 11-ஆம் பத்திநாதர் 1926-ஆம் ஆண்டில் இந்நாளை ஏற்படுத்தினார். அன்று காணிக்கைப் பெட்டி வரும். நீங்களும் தாராளமாய்ப் போடுவீர்கள். ஆனால் பெட்டியில் போட முடியாத ஒரு காணிக்கையைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

கோவா நாட்டில் 1651-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் பிறந்த அர்ச். யோசேவாஸ் முனிவரை எடுத்துக்கொள்வோம். 1676-இல் குருப்பட்டம் பெற்றார். மறு வருஷம் ஆகஸ்டு 5-ஆம் நாள், தேவமாதாவின் அடிமையாகத் தம்மை ஒப்புக்கொடுத்து, அதைப் பத்திரமாகவே எழுதிக் கையொப்பமிட்டார். நாம் வீட்டுக்கும் மனைக்கும் பத்திரம் எழுதுகிறோம். அவர் தம்மையே எழுதிக் கொடுத்துவிட்டார்.

அக்காலத்தில் இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தர் வசமாயிருந்தது. 1658-இல் யாழ்ப்பாணம் அவர்கள் கைக்குப் போனபின் கத்தோலிக்க வேதம் தடை செய்யப்பட்டது, குருக்கள் துரத்தப்பட்டார்கள். ஏறக்குறைய 30 ஆண்டுகளாகப் பூசையுமில்லை, பாவசங்கீர்த்தனமுமில்லை. தாயும் தகப்பனும் இரகசியமாய்ச் சொல்லிக்கொடுத்த செபங்களே பிள்ளைகளுக்கு மிஞ்சியிருந்த வேதம். இச்செய்தியைக் கேட்ட முனிவரின் உள்ளம் பற்றி எரிந்தது. 1686-இல் கோவாவை விட்டுப் புறப்பட்டு, தூத்துக்குடி வந்து, யோவான் என்னும் ஊழியனோடு 1687-இல் யாழ்ப்பாணம் சேர்ந்தார். வந்தது குருவானவர் கோலத்தில் அல்ல, கூலியாள் வேஷத்தில். வந்ததும் கடும் வயிற்றுக்கடுப்பு அவரை வாட்டியது. உற்றார் இல்லை, உதவி கேட்கலாமென்றால் யார் விசுவாசி, யார் காட்டிக்கொடுப்பவர் என்றும் தெரியாது.

எழுந்து நடமாடும் பலம் வந்ததும் அவர் செய்தது என்ன? பெரியதொரு செபமாலையைக் கழுத்தில் அணிந்துகொண்டு, பிச்சைக்காரனைப்போல் வாசல் வாசலாக நடந்தார். வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. முகங்களை மட்டும் பார்த்தார். செபமாலையைக் கண்டு யாருடைய கண் தயங்குகிறது, யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்தார். அப்படி ஒரு வீட்டாரைக் கண்டுகொண்டு, மெல்லப் பேச்சுக்கொடுத்து, தாம் குருவானவர் என்பதை வெளிப்படுத்தினார். அன்றிரவு முதல், கதவை அடைத்த வீடுகளில் மறுபடியும் திவ்விய பலிபூசை நடந்தது.

பிரியமானவர்களே, இங்கே சற்று நின்று யோசியுங்கள். முனிவரிடமும் செபமாலை இருந்தது. அந்த வீட்டாரிடமும் 30 ஆண்டுகளாக அணையாத செபம் இருந்தது. இந்த இரண்டும் சந்தித்ததால்தான் திருச்சபை அங்கே மறுபடியும் தழைத்தது. அந்த வீட்டில் இராச்செபம் நின்றுபோயிருந்தால், செபமாலையைக் கண்டு முகம் மாற அங்கே யார் இருந்திருப்பார்கள்?

பின்பு சில்லாலையில் தங்கி ஊழியம் செய்தார். ஒல்லாந்தரின் கெடுபிடி அதிகமானபோது 1690-இல் புத்தளம் சென்றார். 1692-இல் கண்டியை நோக்கிப் போகையில், போர்த்துக்கேயரின் ஒற்றன் என்ற பொய்க்குற்றம் சாட்டப்பட்டுச் சிறைப்பட்டார். சிறையில் முணுமுணுத்துக்கொண்டு உட்காரவில்லை. சிங்கள பாஷை கற்றார். ஒரு சிறு குடிசையைக் கோவிலாக்கி அங்கே செபித்தார்.

பின்பு கண்டி நாட்டில் மழை பொய்த்தது. அரசன் 2-ஆம் விமலதர்மசூரியன் முனிவரையும் மழைக்காக மன்றாடும்படி கேட்டான். அவர் திறந்த வெளியில் பீடம் அமைத்து, அதில் சிலுவையை நாட்டி, முழந்தாளிட்டுச் செபித்தார். மழை கொட்டியது, அவரும் பீடமும் மாத்திரம் நனையவில்லை என்று அவர் சரித்திரத்தை எழுதினோர் கூறுகிறார்கள். அதுமுதல் அரசனுடைய காவலும் தயவும் அவருக்குக் கிடைத்தன.

மழை பெய்த அந்த நாளைப் பற்றிப் பேச நமக்கெல்லாம் ஆசை. ஆனால் அதற்கு முன் மழையில்லாத ஆண்டுகள் பல இருந்தனவே! 1687 முதல் நோய், வேஷம், தலைமறைவு, சிறை. அந்த ஆண்டுகளிலும் அதே மனிதர்தான், அதே செபமாலையைத்தான் உருட்டினார். செபத்தின் வல்லமை வானம் திறந்த அன்று மட்டும் விளங்கியதென்று எண்ணாதீர்கள். வானம் மூடியிருந்த நாட்களில் அவரை ஓடிப்போகவிடாமல் நிறுத்தி வைத்ததே, அதுதான் பெரிய வல்லமை. 1697-இல் கண்டியில் வைசூரி பரவி, அரசனும் ஜனங்களும் நகரத்தை விட்டு ஓடியபோது, முனிவர் மாத்திரம் தம் உறவினரான குருவானவரோடு தங்கி நோயாளிகளைக் கழுவித் துடைத்தார் அல்லவா? அந்தத் துணிவு ஒரே நாளில் வந்ததன்று. 1711 ஜனவரி 16-ஆம் நாள் கண்டியிலேயே அவர் உயிர் பிரிந்தது. 2015 ஜனவரி 14-ஆம் நாள், கொழும்பு நகரில் பாப்பரசர் பிரான்சிசு அவரை அர்ச்சியசிஷ்டவராகப் பிரசித்தம் செய்தார்.

“சுவாமி, எங்கள் பிள்ளையும் வேதபோதகத்துக்குத் தூரதேசம் போயிருக்கிறான். நாங்களும் செபிக்கிறோம். நோயும் ஆபத்தும் வராமல் ஆண்டவர் காப்பாரா?” என்று கேட்கும் தாய்மார் உண்டு. இந்தக் கேள்விக்கு இனிப்புத் தடவிய பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம்முடைய கோவை வேதபோதக நாட்டின் சரித்திரத்திலேயே பதில் இருக்கிறது. பிரான்சு தேசத்திலிருந்து வந்து, 1850 முதல் நம் கோயம்புத்தூரின் அப்போஸ்தலிக்க விக்காராக இருந்தவர் மரியோன் பிரெசியாக் ஆண்டகை. இங்கிருந்து விலகியபின், ஆப்பிரிக்க மக்களுக்காக 1856 டிசம்பர் 8-ஆம் நாள் லியோன் நகரில் ஒரு வேதபோதக சபையைத் தேவமாதாவின் பாதுகாவலில் தொடங்கினார். 1859 மே மாதம் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனில் கரையிறங்கினார். ஆறே வாரத்தில், ஜூன் 25-ஆம் நாள், மஞ்சள் காய்ச்சலில் மரித்தார். உடன் சென்றவர்களிலும் பலர் மாண்டார்கள். அவர்கள் செபிக்கவில்லையா? அவர்களுக்காகச் செபித்தோர் இல்லையா? இருந்தார்கள். மழையோ பெய்யவில்லை. ஆயினும் அவர் தொடங்கிய சபை மாளவில்லை. இன்று நம் நாட்டு வாலிபர்களும் அதில் சேர்ந்து ஆப்பிரிக்கா போகிறார்கள். விதைத்தவர் கண்ணால் காணாத மழை, மண்ணுக்கு வந்து சேர்ந்தது.

ஆகையால் தாய்மாரே, உங்கள் செபம் பிள்ளையைக் காய்ச்சலிலிருந்து காக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. அது சர்வேசுரனுடைய சித்தம். ஆனால் உங்கள் செபம் அவனைத் தனியாக விடாது. இராத்திரி மனம் சோர்ந்து, திரும்பிவிடலாமா என்று நினைக்கும் வேளையில், வீட்டில் ஒருவர் தனக்காக முழந்தாளில் இருக்கிறார் என்ற நிச்சயம் அவனுக்குத் தூண்போல் இருக்கும். இதை அறிந்தே பாப்பரசர் 11-ஆம் பத்திநாதர், தம் மடத்தின் மதிலைத் தாண்டி வேதபோதகத்துக்குப் போகாத குழந்தை சேசுவின் அர்ச். தெரேசம்மாளை 1927-இல், அர்ச். சவேரியாருக்குச் சமமாக வேதபோதகங்களின் பாதுகாவலியாக ஏற்படுத்தினார். அவள் இரண்டு வேதபோதகர்களைச் சகோதரராக ஏற்று, அவர்களுக்காகச் செபித்து, தன் நோவுகளை ஒப்புக்கொடுத்தாள். அவர்களில் ஒருவர் சீனாவுக்கும், மற்றவர் ஆப்பிரிக்காவுக்கும் போனார்கள்.

இனி நம் வீடுகளைப் பார்ப்போம். ஷிப்டு முடித்து இரவு 9 மணிக்குத் தகப்பன் வருகிறார். ஓவர்டைம் இருந்தால் இன்னும் தாமதம். தாய்க்கும் கம்பெனியில் செக்கிங் வேலை. பிள்ளைகள் கைப்பேசியோடு ஆளுக்கொரு மூலையில். 53 மணி செபமாலைக்கு நேரமெங்கே என்கிறீர்கள். உங்கள் உழைப்பின் பாரம் எனக்குத் தெரியும். ஆதலால் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இந்த மாதம் முழுவதும், எல்லாரும் வீடு சேர்ந்தபின், சாப்பாட்டுக்கு முன் ஒரே ஒரு பத்துமணி: ஒரு பரலோக மந்திரம், பத்து அருள்நிறை மந்திரம், ஒரு திரித்துவத் துதி. அதைத் தூரதேசத்தில் புதிதாய்க் கால்வைத்திருக்கும் ஒரு வேதபோதகருக்காக ஒப்புக்கொடுங்கள். அவர் பெயர் தெரியாவிட்டாலும் ஆண்டவருக்குத் தெரியும்.

இன்னுமொன்று. நம் கோவிலின் பின்வரிசையில் ஞாயிறுதோறும் சில வாலிபர்கள் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்தவர்கள். தமிழ் தெரியாது, ஆனால் எழுந்தேற்றத்தின்போது முழந்தாளிடத் தெரியும். சிலர் கழுத்தில் செபமாலை இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தெருவில் யோசேவாஸ் முனிவர் தேடிய முகம், இன்று நம்முடைய முகமாக இருக்கவேண்டாமா? அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அவர்களில் ஒருவரை உங்கள் வீட்டுக்கு அழைத்து, ஒரு வாய் காப்பி கொடுங்கள். அவர் தம் பாஷையில் ஒரு பாதி சொல்ல, நீங்கள் தமிழில் மறுபாதி சொல்லி, அந்தப் பத்துமணியை முடியுங்கள். தேவமாதாவுக்கு இரண்டு பாஷையும் தெரியும்.

செபமாலை ஒன்றையே கைமுதலாகக் கொண்டு வந்த அர்ச். யோசேவாஸ் முனிவர், நம் ஒவ்வொரு குடும்பத்துக்காகவும், நம்மைவிட்டுத் தூரம் போயிருக்கும் பிள்ளைகளுக்காகவும் மன்றாடுவாராக. பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்துவின் ஆசீர்வாதம் உங்கள் மேலும், உங்கள் வீட்டின் மேலும், உங்கள் கைத்தொழிலின் மேலும் தங்குவதாக. ஆமென்.

உங்கள் பங்குச் சுவாமி